மார்க் போட்ட பிறகு அந்த ஃபைல் எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கும், கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமாருக்கும், என்னோடு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் சிலர் உதவிக்குப் போகும் நூலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு கடைப் பை, அதற்குள் ஒரு நீல ஃபைல். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் செய்த வரலாற்று ப்ராஜெக்ட். மகன் இப்போது கேப்டவுனில் வேலையில் இருக்கிறான். வீடு மாற்றுவதற்காக அலமாரியைக் காலி செய்தபோது அகப்பட்டதாம். "தூக்கிப் போட மனசு வரல, வச்சுக்க எடமும் இல்ல. நீங்க வாங்கிப்பீங்களா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டோம். அவர் போன பிறகு அதைத் திறந்தவள், மதியம் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இருபத்திரண்டு பக்கம். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறான். தன் அப்பாவின் பாட்டியை, ஆயாவை, உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதியது. ஆயா வாழ்ந்தது கேட்டோ மேனரில், காய்கறித் தோட்டத்துக்கு நடுவே மரமும் தகரமுமாகக் கட்டிய வீட்டில். ஐந்தாம் பக்கத்தில் அந்த வீட்டின் வரைபடம் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பென்சிலில் போட்டிருக்கிறான். இரண்டு அறை, பின்பக்கம் தனியாக அடுப்படி, கிணறு, கிணற்றை ஒட்டிக் கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நான்கு பாத்தி மிளகாய், இரண்டு பாத்தி புதினா. மேற்கு மூலையில் ஒரு மாமரம், அதன் அடியில் குங்குமம் வைத்த கல். வாசலுக்கு எதிரே ஓர் அம்புக்குறி. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் "லாரி வந்து நின்ற இடம்" என்று எழுதியிருக்கிறான்.

இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படிக்கிறோம். கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் ரிவர்சைடிலிருந்தும் நம் ஆட்களைக் கிளப்பி, 1964 தொடங்கி இந்த சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டு வாசலில் அந்த லாரி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது எந்த அரசாங்கத் தாளிலும் இல்லை. ஒரு பதினைந்து வயதுப் பையனின் பென்சில் கோட்டில் இருக்கிறது. அந்த ஆயா இப்போது இல்லை.

இதைத்தான் உங்களிடம் பேச வந்தேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காகவும் நம் போட்டிகளுக்காகவும் செய்கிற ஊர் வரலாற்று ஏடுகள், மார்க் போட்டு முடித்ததும், பரிசு கொடுத்து முடித்ததும், குப்பைக்குப் போகின்றன. அவை நூலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு உங்கள் கை வேண்டும்.

இந்த நாட்டுப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பு வரலாறு தொடங்குவதே உள்ளூர் வரலாற்றில்தான். படம் பார், எழுதியதைப் படி, பெரியவர்களிடம் கதை கேள், பழைய பொருளைத் தொட்டுப் பார் என்று அந்தப் பாடம் பிள்ளைக்குச் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அதே வேலை பெரிதாகிறது: நிறவெறிக் காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பேட்டி கண்டு எழுத வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு தெருவிலும், ஏதோ ஒரு பேரப்பிள்ளை ஏதோ ஒரு தாத்தாவின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய பேட்டி வேலையைப் பணம் கொடுத்து யாராலும் நடத்த முடியாது. தானாக நடக்கிறது. நடந்து முடிந்ததை எடுத்து வைக்கத்தான் ஆளில்லை.

"நம் சரித்திரம் ஏற்கெனவே காப்பகங்களில் இருக்கிறதே" என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, அதற்காக உழைத்தவர்களைக் கும்பிடுகிறேன். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860க்கும் 1911க்கும் இடையில் 384 கப்பல் பயணங்களில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் அந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியது யார்? துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா. அவன் காதில் விழுந்ததுதான் நம் பெயர். கவுண்டர் கோவெண்டர் ஆனதும், முதலி மூட்லி ஆனதும் அந்த மாதிரிக் காதுகளும் பேனாக்களும் செய்த வேலை. கொள்ளுப்பாட்டிக்கு அரசாங்கம் பதிந்து கொடுத்த ஒரு கொலோனியல் நம்பர் இருக்கும், உடம்பில் தழும்பு எங்கே என்றுகூட இருக்கும், அவள் சொன்னதாக ஒரு வாக்கியம் இருக்காது.

ஆராய்ச்சியாளர் ஒருவர் டேப்போடு வந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள். நல்லதை மட்டும் சொல்வார்கள். பேரன் கேட்டால் அப்படியில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வார்கள். பசியைச் சொல்வார்கள், கடனைச் சொல்வார்கள், யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்று சொல்வார்கள். நீல ஃபைலில் அந்த ஆயா சொல்கிறாள்: லாரி வருவதற்கு முந்தின ராத்திரி அவளுடைய மாமியார் ஒரு கூடை புதினாவை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாளாம். புது வீட்டில் மண்ணே சரியில்லை, ஒன்றும் தழைக்கவில்லையாம். இதைக் கொள்ளுப்பேரனைத் தவிர வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்?

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1978இல் நான் ஆறாம் ஸ்டாண்டர்ட். குடும்பத்தைப் பற்றி ஒரு ஸ்க்ராப்புக் செய்துவரச் சொன்னார்கள். என் தாத்தா டர்பன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர், மேகசின் பாரக்ஸில் குடியிருந்தவர். இங்கே ஆங்கிலத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறார்களே, நம் தெருக்கூத்து, அதில் பெண் வேஷம் கட்டி விடிய விடிய ஆடியவர். திரௌபதியாகவும் ஆடியிருக்கிறார், மூன்று பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தபோதே. தேயிலைப் பெட்டிப் பலகையைச் செதுக்கிப் புஜக்கட்டை செய்வது எப்படி, அதில் கண்ணாடித் துண்டை எதை வைத்து ஒட்டுவது, முகத்துக்கு மஞ்சள் அரைக்கும்போது எவ்வளவு எண்ணெய் விடுவது என்று எனக்கு நான்கு மாலை உட்கார்ந்து சொன்னார். அவரே என் புத்தகத்தில் கிரீடத்தை வரைந்தும் கொடுத்தார். வாசலில் வந்து நின்று பாடும் முதல் விருத்தத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இருபதுக்குப் பதினேழு மார்க் வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வருஷக் கடைசியில், பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் குப்பை எரிக்கும் இரும்பு டிரம்மில் பழைய தாள்களோடு அதுவும் போனது. அதன் பச்சை அட்டை சுருண்டுகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த ஆண்டு தாத்தா போய்விட்டார். அந்த விருத்தத்தில் முதல் இரண்டு அடிதான் இப்போது என் நினைவில் இருக்கிறது. மீதியைக் கேட்க ஆளில்லை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தப் பள்ளியில் இடம் கிடையாது, அடுத்த வகுப்பு வர வேண்டும். இன்றைக்கும் ஆசிரியர்களின் நிலைமை அதுதான். அதனால்தான் நூலகம்.

சரி, எங்கள் நூலகத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பின்பக்க அறையில் இரண்டு இரும்பு அலமாரி கொடுத்திருக்கிறார்கள். வருகிற ஏட்டை முதலில் ஒரு வாரம் தனியாக வைக்கிறோம், தாளை அரிக்கும் ஃபிஷ்மாத் பூச்சி மற்றதில் ஏறக் கூடாது என்று. அப்புறம் பின்களை எடுக்கிறோம். டர்பன் காற்றின் ஈரத்தில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, காகிதத்தைச் சுற்றிப் பழுப்பாக அரித்துவிடும். மெல்லிய தகட்டை அடியில் நுழைத்து, நகத்தால் மெதுவாக நிமிர்த்தி எடுக்க வேண்டும், இழுத்தால் தாள் கிழியும். செல்லோடேப் இன்னும் மோசம். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும், டேப் மட்டும் காய்ந்து உதிரும். அதை உரிக்க நாங்கள் துணிவதில்லை. அப்படியே விட்டு, உடனே ஸ்கேன் எடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் ஆசையாகப் போடும் மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்தும் பக்கங்களை வெளியே எடுத்துவிடுகிறோம், நாளடைவில் அது மையை உறிஞ்சித் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். வெட்டி ஒட்டிய செய்தித்தாள் துண்டுக்கு முன்னும் பின்னும் அமிலம் இல்லாத வெள்ளைத் தாள் வைக்கிறோம். ஒரு ஏட்டுக்கு ஒரு காலை நேரம் போய்விடும்.

அடுக்குவது பிள்ளையின் பெயரால் இல்லை, இடத்தின் பெயரால். மேகசின் பாரக்ஸ் ஒரு பெட்டி, கேட்டோ மேனர் இரண்டு பெட்டி, மவுண்ட் எட்ஜ்கம் கரும்புத் தோட்டம் ஒரு பெட்டி, இப்படி. ஏன் என்றால் தேடி வருகிறவர்கள் கேட்பது "எங்க தாத்தா இருந்த லைனைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்றுதான்.

இங்கேதான் எனக்கு உங்கள் மேல் பெரிய நம்பிக்கை. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கும் அதுவே காரணம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், பெரியவர்கள் பேசியது தமிழ். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகிறது. நீல ஃபைலின் ஒன்பதாம் பக்கத்தில், ஆயா அரிசி புடைத்த பொருளுக்குப் பையன் 'சொல்கூ' என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் சிவப்பு மையில் அதைச் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, சொலகு. இந்த மாதிரி ஒவ்வொரு ஏட்டிலும் பத்துச் சொல், இருபது சொல். கூழ் ஊற்றும் பூஜையில் பாடிய தாலாட்டின் அடி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த மருந்தின் பெயர், விளையாட்டின் பெயர், ஏச்சுகூட. நம் நகராட்சி நூலகங்கள் 2008இலிருந்து உல்வாசி என்ற திட்டத்தில் ஊர்மக்களின் நினைவுகளை ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் கணினியில் சேர்த்து வருகின்றன. அருமையான வேலை. நம் சொற்களை அங்கேயும் இங்கேயும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தமிழ் தெரிந்த நம் பொறுப்பு. நாம் செய்யாவிட்டால் அந்தச் சொல்கூ என்றைக்கும் எழுத்துப் பிழையாகவே கிடக்கும்.

கோயில் குழுக்களுக்கு: உங்கள் மண்டபங்களில், நம் முன்னோரின் முதல் கப்பல் வந்த நவம்பர் 16 நினைவு நாளுக்காகப் பிள்ளைகள் செய்த சார்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் சுவரில் இருக்கும், பிறகு நாற்காலிகளுக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில். சங்கங்கள் நடத்தும் ஐஸ்டெட்ஃபோட் என்ற கலை இலக்கியப் போட்டிகளில் வருகிற கட்டுரைகளுக்கும் இதே கதிதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். நானூறு பேருக்கு மேல் இறந்த வெள்ளம், அந்த உயிர்களுக்கு முன்னால் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு எத்தனை கராஜுகளிலிருந்து ஊறிப்போன போட்டோ ஆல்பங்களை வாரிக் கொட்டினோம்! 1905 வெள்ளத்தில் அம்பிலோ ஆற்றங்கரைக் கோயில் போனது. 1947இல் கட்டி முடித்த அம்பலவாணர் ஆலயம் இன்று நிற்கிறது. கோயிலை அந்தத் தலைமுறை திரும்பக் கொண்டுவந்தது. ஊறிப்போன ஒரு பேட்டியை, பேசியவர் போன பிறகு, யார் திரும்ப எழுதுவார்கள்? ஸ்டோர் ரூம் சாவி உங்களிடம் இருக்கிறது. ஒரு நாள் திறந்து பாருங்கள்.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். திருத்தாதீர்கள். போன வருஷம் ஒரு சங்கத்திலிருந்து வந்த ஏடுகளை யாரோ நல்லெண்ணத்தில் புதிதாக டைப் அடித்து, இலக்கணம் சரிசெய்து, மூலத்தை வீசிவிட்டு அனுப்பியிருந்தார்கள். பாட்டியின் பேச்சு முழுக்கப் போய்விட்டது.

தகவல் பிழை இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். எங்களிடம் வந்த ஏடுகளில் பாதிக்கு மேல் "எங்கள் முன்னோர் ட்ரூரோ கப்பலில் வந்தார்கள்" என்று தொடங்குகின்றன. 1860 நவம்பர் 16 அன்று வந்த ட்ரூரோவில் இருந்தவர்கள் 342 பேர்தான். அத்தனை குடும்பமும் அதில் வந்திருக்க முடியாது. அதற்காக அந்த வரியை அடிக்க மாட்டோம். கப்பல் பட்டியலில் வேறு விவரம் கிடைத்தால், ஒரு தனிச் சீட்டில் எழுதிக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைக்கிறோம். ஆண்டுதோறும் நாம் மேடையில் ஒரே ஒரு கப்பலின் பெயரைச் சொல்லிச் சொல்லி, எல்லாக் குடும்பமும் அந்த ஒரு கப்பலிலேயே ஏறிவிட்டது. அதுவும் நம் சமூகம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு சான்று. பின்னால் வருகிற ஆராய்ச்சியாளர் அதையும் பார்க்கட்டும்.

வலிக்கிற கதைகளும் வரும். ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்தைப் பற்றிப் பேசாத கேட்டோ மேனர் ஏடு இல்லை. வீடு எரிந்ததையும் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டு ஜூலு அம்மா தன் பாயில் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் போர்த்தி மறைத்ததையும் சொல்கிறார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடும்படி ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். முடியாது என்று மரியாதையோடு சொன்னோம். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிய பிள்ளைக்குத்தான் அந்த ஏடு சொந்தம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பேட்டி கொடுத்தவர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பல பிள்ளைகள் தாத்தாவின் ஐடி புத்தகத்தையே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த மாதிரிப் பக்கங்களை வெளியே காட்டக் கூடாது. அவற்றை உறையிலிட்டு மூடி வைப்போம். இருபது வருஷத்துக்கு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்தாலும் சரி, அப்படியே காப்போம். ஃபோனில் பதிவு செய்த பேச்சு இருந்தால் ஃபோன் மாற்றுவதற்கு முன்னால் அதையும் கொண்டுவாருங்கள்.

தமிழ் வகுப்பு ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் வகுப்புப் பிள்ளை பள்ளி ப்ராஜெக்டுக்காக வீட்டில் பேட்டி எடுக்கிறது என்று தெரிந்தால், பெரியவர் சொன்ன தமிழ்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். வார இறுதியில் நாம் கற்றுக்கொடுக்கிற எழுத்து அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாக வீட்டில் பயன்படும். என் வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு பத்து வயதுச் சிறுமி, தன் தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதி அவரிடம் காட்டினாள். அவர் தன் பெயரைத் தமிழில் பார்த்து நாற்பது வருஷம் ஆகியிருந்ததாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், எங்களுக்கு நகல்தான் கிடைத்தது.

ஏடுகளைச் சனிக்கிழமை காலையில் கொண்டுவரலாம். கொண்டுவர முடியாத வயதானவர்கள் சொல்லி அனுப்பினால் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் மாதம் ஒரு காலை வந்தால்கூட மூன்று பெட்டியை முடித்துவிடலாம்.

வரும்போது நீல ஃபைலின் ஐந்தாம் பக்கத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். மாமரத்தடிக் கல்லுக்குப் பக்கத்தில் சாமியின் பெயரை எழுதியிருக்கிறான். அவன் எழுதிய ஆங்கில எழுத்துகளைப் பேச்சி என்றும் படிக்கலாம், பெரியாச்சி என்றும் படிக்கலாம். பேச்சியம்மன் என்றால் அந்தக் குடும்பம் மதுரைக்கும் தெற்கிலிருந்து வந்திருக்கலாம், பெரியாச்சி என்றால் வடக்குப் பக்கம் தேட வேண்டும். பையனைக் கேட்டோம், அவனுக்கு ஞாபகம் இல்லை. கேட்டோ மேனரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மாமரத்தடியில் விளக்கு வைத்த வீட்டை உங்களில் யாருக்காவது தெரியும் என்றால், வந்து எங்களிடம் சொல்லுங்கள். அந்தச் சீட்டை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தமிழ் வகுப்பு ஆசிரியை